திரும்பி வரும் சரக்கு: வண்டியில் ஏற்றும் முன்பே முடிவெடுங்கள்

கேள்வி இது: மாதவரத்தில் குடோன். செங்குன்றம், பொன்னேரி, மீஞ்சூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வரை கடைகளுக்கு மிக்சி, ஃபேன், டிவி, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஏசி சப்ளை. மாதம் 250 உருப்படி வரை திரும்பி வருகிறது. பாதி வாரண்டி புகார், மீதி எக்ஸ்சேஞ்சில் வந்த பழையது. மொத்தமாகக் காயலாங்கடைக்குத் தள்ளினால் இடம் காலியாகிறது, ரிப்பேர் பார்த்தால் கூலி கையைக் கடிக்கிறது. இப்போது பிராண்டு கம்பெனி, ரிட்டர்ன் சரக்கில் சுற்றுச்சூழலுக்காக என்ன செய்கிறீர்கள் என்று படிவம் அனுப்பியிருக்கிறது. ஒரு மின்சார வண்டி வாங்கினால் போதுமா?

வண்டியைக் கடைசியில் பார்க்கலாம். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மாதவரத்தில் கிளம்பி செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுச் சாலை, பொன்னேரி, மீஞ்சூர், மணலி புதுநகர் வழியாகத் திரும்பினால் சுற்று ஏறக்குறைய 60 கிலோமீட்டர். குட்டி யானை லோடு வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் 4 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, முழுச் சுற்றுக்கும் 11 கிலோவுக்குள். திரும்பும்போது 20 உருப்படி ஏறினால் தலைக்கு அரைக் கிலோ. அந்த வண்டி சரக்கை இறக்கிவிட்டு எப்படியும் காலியாகத் திரும்ப வேண்டியதுதான். ரிட்டர்னுக்கென்று கூடுதலாக எரிவது அதிலும் கொஞ்சம்.

இப்போது எக்ஸ்சேஞ்சில் வந்த ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்றை எடுங்கள். அதில் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸ் ஒரு கிலோ இருந்தால், அதைக் காற்றில் திறந்துவிடுவது 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுவதற்குச் சமம். உங்கள் வண்டி 190 சுற்று ஓடியதற்கு ஈடு. இன்னும் பழைய ஏசியில் இருக்கும் ஆர்-22 என்றால் கிலோவுக்கு 1,810. புதியவற்றில் வரும் ஆர்-32 என்றால் 675. பழைய ஃபிரிட்ஜில் ஆர்-134ஏ வெறும் 100 கிராம்தான் இருக்கும். அதுவே 143 கிலோ, அதாவது 13 சுற்று. ஏசியைக் கழற்றும் ஆள் நட்டை லூசாக்கி "புஸ்" என்று விட்டுவிட்டுப் போகும் அந்த ஒரு நிமிடத்தில், மின்சார வண்டி ஒரு வருடம் மிச்சப்படுத்துவதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே முதல் செலவு கேஸுக்கு.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஏசி ஓடும் நிலையில் இருந்தால் கழற்றும் முன்பே கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிடலாம். ஏசியைக் கூலிங் மோடில், செட் வெப்பநிலையைக் குறைத்து வைத்து ஓடவிட வேண்டும். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியபின், தடித்த பைப்பின் சர்வீஸ் போர்ட்டில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் முழுக்க மூட வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு. கவனம் இங்கேதான்: லைனில் கசிவு இருக்கிறது, பைப் உடைந்திருக்கிறது என்றால் இதைச் செய்யவே கூடாது. காற்று உள்ளே போய், சூடான எண்ணெயோடு அழுத்தப்பட்டு, கம்ப்ரசர் வெடித்த சம்பவங்கள் உண்டு. கம்ப்ரசர் ஓடாவிட்டாலும் இந்த வழி இல்லை. கேஸை உறிஞ்சி எடுக்கும் ரிகவரி மெஷினும் அதற்கான சிலிண்டரும் உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் சீல் செய்த அமைப்பு, அதில் மூட வால்வே கிடையாது. எனவே விதி ஒன்றுதான்: காப்பர் பைப்பை யாரும் வெட்டக் கூடாது, கம்ப்ரசரைப் பிடுங்கக் கூடாது, முழுதாக வந்து முழுதாகவே பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். கம்ப்ரசருக்கு மட்டும் தனி விலை தருகிறேன் என்று குடோன் வாசலில் ஆள் வந்து நிற்பார். லோடுமேன்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்றிருந்தால் புவி வெப்பத்துக்கு அது பெரிய கேடில்லை, ஆனால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். அந்த ஃபிரிட்ஜ் பக்கம் கேஸ் வெல்டிங் டார்ச் போகக் கூடாது.

அடுத்தது, திரும்பி வரவே தேவையில்லாத சரக்கு. பெரும்பாலான குடோன்களில் காசு கரைவது இங்கேதான். மிக்சி "செத்துப்போச்சு" என்று வரும். அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டனை அழுத்தினால் ஓடும். இண்டக்‌ஷன் அடுப்பு "எரர் காட்டுது" என்று வரும். வைத்தது காந்தம் ஒட்டாத அலுமினியப் பாத்திரமாக இருக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கிரைண்டர் கல் நின்றுபோகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். ஃபிரிட்ஜ் "கூலிங் இல்லை" என்பது சிலசமயம் படுக்க வைத்து ஏற்றி வந்து, உடனே சுவிட்ச் போட்டதால் வரும் கோளாறு. இவற்றுக்கெல்லாம் பொருள் மாதவரம் வரை வர வேண்டியதில்லை. உதிரி பாகம்தான் பொன்னேரிக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு கடைக்கும் அரைப் பக்க அட்டை ஒன்று கொடுங்கள்: ரிட்டர்ன் எழுதும் முன் பார்க்க வேண்டியவை, பொருளுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பட்டும்: சீரியல் நம்பர், பில், பழுது தெரியும் இடம் அல்லது பத்து வினாடி வீடியோ. அதைப் பார்த்து உங்கள் டெக்னீஷியன் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும்: அங்கேயே சரிசெய், வண்டியில் ஏற்று, அல்லது அங்கேயே வை. இந்த முடிவு இல்லாமல் டிரைவர் எதையும் ஏற்றக் கூடாது. கப்ளர், கார்பன் பிரஷ், ஜார் புஷ், கெப்பாசிட்டர், பெல்ட், ரெகுலேட்டர் அடங்கிய ஒரு டப்பா வண்டியிலேயே இருக்கட்டும். முதல் மாதம் கடைக்காரர்கள் முனகுவார்கள். பழுது இல்லாமல் திரும்பிய பொருளுக்குப் பணத்தைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட் கிடையாது என்று தெரிந்ததும் பழகிவிடும். ஆனால் நியாயமான புகாரை இந்த அட்டையைக் காட்டி இழுத்தடிக்காதீர்கள். அப்படி இழுத்தால் அடுத்த தடவை உடைந்த பொருளைப் பழுது மறைத்து அனுப்புவார்கள்.

குடோனுக்குள் வந்த பிறகு, எதைச் சரிசெய்வது என்பதற்கு "பழுது பார்ப்பது நல்லது" என்ற ஒரே அளவுகோல் போதாது. இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலாவது, டெக்னீஷியனின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மீள்கிறது? உதாரணக் கணக்கு, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ரூ.3,000 மிக்சி. வண்டியும் ஏற்று இறக்கு கூலியும் ரூ.50, சோதனை ரூ.60, உதிரி ரூ.80, வேலை ரூ.120, புது அட்டைப்பெட்டி ரூ.70, ஆக ரூ.380. பெட்டி பிரித்த பொருள் என்று சொல்லி 70 சதவீத விலைக்கு விற்றால் ரூ.2,100. கையில் ரூ.1,720, அதற்கு முக்கால் மணி நேரம். ரூ.900 மின்சாரக் கெட்டிலுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் பிடிக்கும், மீள்வது ரூ.200 தேறினால் பெரிது, தண்ணீரும் கரண்டும் சேர்ந்த பொருளைச் சரிசெய்து விற்ற பொறுப்பு வேறு. பத்து மிக்சி வரிசையில் காத்திருக்கும்போது கெட்டிலைத் தொடக் கூடாது. அந்த மாதிரிச் சிறு சாமான் கடையிலேயே ஒரு பெட்டியில் சேரட்டும்; பெட்டி நிரம்பியபின் ஒரே தடவையாக எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பலாம். குடோனின் நெருக்கடி வண்டியில் இல்லை, ரிப்பேர் மேசையில் இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னொரு வண்டி வாங்கி, மேசை முன் இன்னும் உயரமாகக் குவிக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி: இந்தப் பொருள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? மிக்சி நாளுக்கு இருபது நிமிடம். அது தின்னும் மின்சாரம் அற்பம், அதைத் தயாரிக்க ஆன செம்பும் எஃகும் பிளாஸ்டிக்கும்தான் பெரிது. எனவே மிக்சியை எப்போதும் காப்பாற்றலாம். எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய 75 வாட் ஃபேன் அப்படியல்ல. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேன் அதே நேரத்துக்கு 0.36 யூனிட். வருடத்துக்கு 197 யூனிட் வித்தியாசம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில் 138 கிலோ. அந்தப் பழைய ஃபேனுக்குப் புது கெப்பாசிட்டர் போட்டு வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு மலிவாக விற்றால், பசுமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்; மின் கட்டணத்தை வாங்கியவர் கட்டுவார். வாரண்டிக்குள் இருக்கும் ஃபேன் என்றால் சரிசெய்து கொடுங்கள், வாங்கியவரின் உரிமை அது. பழையதைச் செம்பு மீட்க மறுசுழற்சிக்கு விடுங்கள். பதினைந்து வருடப் பழைய ஃபிரிட்ஜுக்கும் இதே நியாயம். வருடத்துக்கு 500 யூனிட் இழுப்பதை மாற்றி 200 யூனிட் இழுப்பதை வைத்தால், ஐந்து வருடத்தில் ஒரு டன்னுக்கு மேல் மிச்சம்.

இன்னொரு நேர்மையும் வேண்டும். சரிசெய்து விற்ற ஒவ்வொரு மிக்சியும் ஒரு புது மிக்சியின் தயாரிப்பைத் தடுத்துவிட்டது என்று எழுதாதீர்கள். வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் புதிதாக வாங்கியே இருக்க மாட்டார்கள். பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள்; கேட்டால் ஏன் பாதி என்று சொல்ல முடியும்.

சரிசெய்த பொருள் வெளியே போகும் முன் சீரிஸ் போர்டில் (பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் பலகை) ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் லைவுக்கும் பாடிக்கும் இடையே 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் விற்கக் கூடாது. எர்த் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மிக்சியில் கார்பன் பிரஷ் தூள் உள்ளே படிந்து கசிவு காட்டும். ஊதித் துடைத்தபின் மறுபடி அளக்க வேண்டும்.

நாள் தள்ளிப்போவது தனி நட்டம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் எக்ஸ்சேஞ்சில் வந்து குவிந்தது பொங்கல் வரை கிடந்தால், அதற்குள் மாடல் மாறிவிடும், புதுசின் விலையே இறங்கியிருக்கும். உருப்படி வந்த தேதியைச் சுண்ணக்கட்டியால் பெட்டி மேல் பெரிதாக எழுதுங்கள். ஏழு நாளில் தரம் பிரித்தாக வேண்டும், முப்பது நாளில் வெளியேறியாக வேண்டும். முப்பது நாள் தாண்டியதை விலை குறைத்துத் தள்ளுங்கள் அல்லது மறுசுழற்சிக்கு விடுங்கள்.

சரிசெய்யக்கூடிய பொருள் வழியிலேயே சாவதும் நிறைய நடக்கிறது. எல்இடி டிவியைப் படுக்க வைத்து ஏற்றினால் மேலே ஒரு ஸ்டெபிலைசர் போதும், பேனல் போச்சு. பேனல் போன டிவியில் மீள்வது ஒன்றுமில்லை. எனவே 43, 55 இஞ்சுக்கு இரண்டு பழைய பெட்டியும் தெர்மாகோல் மூலைகளும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும், டிவி நின்றபடிதான் வர வேண்டும். ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குப் டிரம்மை அசையாமல் பிடிக்கும் பின்பக்க டிரான்ஸிட் போல்ட் மறுபடி மாட்டாமல் ஏற்றினால் டிரம் ஆடி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போய்விடும். பெரும்பாலும் அந்த போல்ட்டை வாடிக்கையாளர் தூக்கி எறிந்திருப்பார். நான்கு செட் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசைக்குள் மாட்டிக்கொண்டு, குழியில் ஏறி இறங்கும் வண்டி என்பதை நினைவில் வையுங்கள். ஒழுங்காகக் கட்டி வந்த உருப்படிக்கு டிரைவருக்குப் பேட்டாவோடு பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தால், அதைவிட லாபமான செலவு இந்த வேலையில் வேறில்லை.

பேட்டரி விஷயம் சுருக்கமாக. இன்வெர்ட்டர் பேட்டரியை ஆசிட் கொட்டாமல், நிமிர்த்தி, முழுதாகவே பதிவு பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். எடை குறைக்க ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம் மட்டுமல்ல, அதோடு ஈயமும் போகிறது. உப்பிய லித்தியம் பேட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு டப்பாவில், மற்ற சரக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி யாருக்குக் கொடுப்பது. காயலாங்கடையைக் கெட்டவனாக்கிப் பேசுவதில் அர்த்தமில்லை. அட்டை, மரப் பேலட், ரேக் இரும்பு, பாலிதீன் உறை இவற்றை அவர்களைவிடச் சுத்தமாகப் பிரிப்பவர் யாருமில்லை, அவற்றை அவர்களுக்கே கொடுங்கள். மின் சாதனம் மட்டும் அங்கே போகக் கூடாது. செம்புக்காக வயரைக் கொளுத்துவதும், போர்டை ஆசிட்டில் முக்குவதும் பதிவில்லாத சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நடப்பது. அந்தப் புகை வடசென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன; அட்டவணையில் இருந்த 21 வகை 106 ஆனது. கழிவில் இவ்வளவு மறுசுழற்சி ஆக வேண்டும் என்ற இலக்கு உங்கள் தலையில் இல்லை, பிராண்டு கம்பெனியின் தலையில்: 2025-26, 2026-27 ஆண்டுகளுக்கு 70 சதவீதம், 2027-28 முதல் 80. அவர்களுக்கு வேண்டிய சான்றிதழ் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்துதான் வரும். நீங்கள் சேர்த்துத் தரும் கிலோ அவர்களுக்கு உதவும். படிவத்தை நிரப்பும் முன் பிராண்டு கம்பெனியிடம் இதைக் கேளுங்கள்: உங்கள் மறுசுழற்சியாளர் மாதம் ஒருமுறை மாதவரத்தில் வந்து எடுப்பாரா, கிலோவுக்கு என்ன தருவீர்கள்? இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எக்ஸ்சேஞ்சில் வந்ததைச் சீர்செய்து விற்பதென்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பழுதுபார்ப்பாளராகப் பதிவு வேண்டும். வாரண்டி சர்வீஸ் வேறு, இது வேறு. பதிவு பெற்றபின் கழிவை 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது.

ஜிஎஸ்டி பக்கம் மூன்று இடத்தில் வழுக்கும். கடைக்காரருக்கான கிரெடிட் நோட்டை, சப்ளை செய்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் போடாவிட்டால் வரியைக் குறைக்க முடியாது. ஆண்டு வரிக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு சரி. தேங்கிக் கிடக்கும் ரிட்டர்ன் சரக்கில் இப்படித்தான் சத்தமில்லாமல் பணம் போகிறது. தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சம் தாண்டினால் சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில் வேண்டும், திரும்பும் சரக்குக்கும் சேர்த்து. நான்கு ஏசியும் இரண்டு டிவியும் ஏறினால் சுலபமாகத் தாண்டிவிடும். சரக்கை அழித்துவிட்டதாகப் புத்தகத்தில் எழுதித் தள்ளினால் வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவு. கழிவாக வரி போட்டு விற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் ஆடிட்டரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் சரக்கைக் குடோனில் எங்கே வைப்பது என்பது நம் பகுதியில் அலட்சியமாக விடக் கூடியதல்ல. புழல் ஏரி உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. வழக்கமாக நல்ல சரக்கு மேலே, ரிட்டர்ன் தரையில் என்று இருக்கும். அக்டோபரில் அதைத் திருப்பிப் போடுங்கள்: பேட்டரியும், போர்டு உள்ள சாமானும், எண்ணெய் கசியும் கம்ப்ரசரும் இடுப்பளவுக்கு மேல் ரேக்கில், தண்ணீரில் மிதந்தால் ஊருக்குக் கேடு செய்வது அவைதான். மழைக்கு முன் ஒரு லோடு மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டால் இந்தக் கவலை பாதி குறையும்.

மின்சார வண்டி? இதெல்லாம் ஓடத் தொடங்கியபின், தண்டையார்பேட்டை, ராயபுரம் சுற்றுக்கு மட்டும் மூன்று சக்கர மின்சார லோடு வண்டி யோசிக்கலாம். தூரம் குறைவு, நிறுத்தம் அதிகம், சந்து குறுகல். அங்கே டீசல் செலவே அதை நியாயப்படுத்தும். பொன்னேரிச் சுற்றுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

படிவத்துக்கு, குடோன் வாசலில் ஒரு எடை மேடையும் ஒரு நோட்டும் போதும். மாதம் உள்ளே வந்த கிலோ, சரிசெய்து விற்ற கிலோ, பதிவு பெற்ற இடத்துக்கு ரசீதோடு போன கிலோ, குடோனில் மீதி. நான்கும் கூட்டிக் கழித்து ஒத்துவர வேண்டும். ஒத்துவராத கிலோ பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது. அதோடு, கேஸ் பூட்டிய நிலையில் வந்த ஏசி எத்தனை, காலியாக வந்தது எத்தனை. கடையிலேயே தீர்ந்த புகார் எத்தனை. உருப்படி குடோனில் தங்கிய சராசரி நாள். "பசுமை", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதச் சொன்னால் எழுதாதீர்கள்: ஆதாரமில்லாத பசுமை விளம்பரத்துக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் கொண்டுவந்துவிட்டது. எடைச் சீட்டின் நகலை இணைத்து அனுப்புங்கள்.